எட்ட நில்லுங்கோ

தம்பி,

நேற்றுப் பின்னேரம் லவாலில் உன் சிநேகிதனின் வீட்டுக் கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் நான் திரும்பிப் போய்விட்டேன். "அப்பா கோவிச்சுக்கொண்டு போட்டார்" என்று நீ அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாயாம். பிரெஞ்சில் அனுப்பியிருப்பாய், அம்மாதான் அதைத் தமிழாக்கிச் சொன்னாள். கோபம் இருந்தது உண்மை. அது உன்மேல் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொல்லலாம்தான், ஆனால் நீ எடுக்கிறாயில்லை. எடுத்தாலும் நான் இரண்டாவது வசனத்திலேயே சத்தம் போடத் தொடங்கிவிடுவேன், என் குணம் உனக்குத் தெரியும்.

கடையில் இருந்துதான் எழுதுகிறேன். இருந்து என்று சொல்வதே பொய். இரண்டு வரி எழுதுகிறேன், எழும்பிப் போய்ப் பால் பெட்டியில் திகதி பார்க்கிறேன், வாசலில் பனி உறையாமல் உப்புப் போட்டாயிற்றா என்று பார்க்கிறேன், திரும்பி வந்து எழுதியதை வாசித்துவிட்டு வெட்டுகிறேன். காலையில் மதாம் ஒருத்தி லொத்தர்ச் சீட்டுக் கேட்டாள், நான் சிகரெட்டை எடுத்து நீட்டினேன். நீ கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து இருமிய இருமல் இன்னும் காதுக்குள்ளேயே கிடக்கிறது. அடுத்த திங்கள் புது வேலைக்கு வன்கூவருக்குப் பறக்கப் போகிறாய். கோயிலில் அத்தனை பேருக்கு முன்னால் சொந்த அப்பாவே தன்னை வாயை மூடச் சொன்னார் என்ற எண்ணத்தோடு நீ போய்விட்டால், எனக்கு இனிச் சோறு இறங்காது. அதற்கு முன் உனக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். ஆறுதலாக வாசி.

கோப்பையில் இருந்து தொடங்குகிறேன். பன்றிக் காய்ச்சல் என்று தொலைக்காட்சியில் சொல்லத் தொடங்கியதுமே நீ வீட்டில் சட்டம் போட்டுவிட்டாய். சப்பாத்து வெளியே, உடுப்பு நேரே தோய்க்கிற மெசினுக்குள், கை கழுவாமல் யாரும் குளிர்பெட்டியைத் தொடக் கூடாது. அம்மா சிரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னாள். நானும் பகிடி பண்ணிக்கொண்டே கேட்டு நடந்தேன். ஒருநாள் நீ வேலையால் வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றாமல் வாசற்படியிலேயே இருந்துவிட்டாய். மூச்சு முட்டுகிறவர்களுக்குக் குழாய் வைத்து இயந்திரத்தில் போடுகிற வேலை உனக்கு. எத்தனையோ வயதானவர்களைப் பார்த்தவன். அன்றைக்கு வந்தது வயதானவர் இல்லை. "என்ர வயசப்பா" என்றாய். "போன கிழமை ஹொக்கி விளையாடின பெடியன், என்ர வயசு" என்றாய். அதற்குப் பிறகு நான் பகிடி விடுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் பாவிக்கிற வெள்ளை நாடாவைக் கொண்டுவந்து, கோப்பைகளில் ஒட்டி, ஆளுக்கொரு பெயர் எழுதினாய். ஒன்றில் அம்மா. ஒன்றில் உன் பெயர். மற்றதில் அப்பா என்று எழுத வெளிக்கிட்டுப் புள்ளியை விட்டுவிட்டாய். 'அபபா' என்று இருந்தது. "இது உங்கட கோப்பை, வேற ஒண்டையும் தொடக் கூடாது" என்று என் முன்னால் வைத்தாய். நான் தேத்தண்ணியில் வாயே வைக்காமல் எழும்பினேன். அன்றையிலிருந்து எனக்கு நெஞ்செரிவு, தேத்தண்ணி ஒத்துவரவில்லை என்று சொல்லிவிட்டு, கடையில் கடதாசிக் கோப்பையில் குடித்தேன். "அப்பாவுக்கு விஞ்ஞானம் எண்டால் நக்கல்" என்று நீ அம்மாவிடம் முறைப்பட்டாய். நக்கல் இல்லை. தனியாக எனக்கென்று வைத்த ஒரு கோப்பையைக் கண்டதும் கை நீளவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது கோயில். மேற்றிராசனத்தில், ஆயரிடம் இருந்து வந்த அறிவித்தலைச் சுவாமியார் வாசித்ததும், நம் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனம் இரண்டாகப் பிரிந்தது உனக்குத் தெரிந்ததுதான். தீர்த்தத் தொட்டி காலி, நன்மை அப்பத்தை நாக்கில் வாங்கக் கூடாது, கையில்தான். சமாதானம் சொல்லும்போது கை கொடுக்கக் கூடாது, கை கூப்பினால் போதும். இதற்குப் போய் இவ்வளவு சண்டையா என்று நீ கேட்டாய். ஆனால் நான் கடைக்காரன், இரண்டு கட்சியும் என்னிடம்தான் பாண் வாங்குகிறது. "பூசைக்குப் போறது கடவுளிட்டயோ கிருமியிட்டயோ?" என்று ஒருவர் கேட்பார். "கடவுள் தந்த மூளையைப் பாவியுங்கோ" என்று பின்னால் நிற்கிற அம்மா வெட்டுவாள். மருந்துக் கொம்பனிகள் செய்கிற வேலை என்று ஒருவர் தொடங்குவார். பால் வாங்க வந்த ஹெயிட்டிக்காரர் எங்கள் சத்தத்தைப் பார்த்து, யாரோ செத்துவிட்டார்களோ என்று என்னைக் கேட்டார். செத்தவர்களும் உண்டு என்று அவருக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? ஊரில் யுத்தம் முடிந்த இந்த வருடம் வைகாசிக்குப் பிறகு நம் கோயிலில் யாருடைய வீட்டில்தான் இழவில்லை? உடலும் இல்லை, அடக்கமும் இல்லை, செத்தவீட்டுக்குப் போகவும் வழியில்லை. பூசையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து அழுததுதான் எல்லாருக்கும் கிடைத்த செத்தவீடு. அதையும் விடு என்று சொன்னால் சனம் எரிந்து விழாதா?

அந்தச் சண்டையில் கை கொடுக்கிற கட்சிக்குத் தலைவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. உன் செபஸ்தி மாமாதான். நீ பீடத்துக்கு உதவி செய்கிற சின்னப் பெடியனாக இருந்த காலத்தில் பூசை முடிந்ததும் உன் சட்டைப் பையில் ரொபி இனிப்புப் போடுகிற மனிதர். ஆடைத் தொழிற்சாலையில் நீராவி மெசினுக்குப் பக்கத்தில் நின்று நின்று நெஞ்சு பழுதாகி, இப்போது பையில் ரொபிக்குப் பதிலாக மூச்சு மருந்து வைத்திருக்கிறார். இந்தக் காய்ச்சல் வந்தால் முதலில் விழக்கூடியவர் அவர்தான் என்று நீ பலமுறை அம்மாவிடம் சொன்னாய். அவரை நினைத்துத்தான் அந்த அறிவித்தலைத் தமிழில் சொல்ல நீயே முன்வந்தாய் என்றும் எனக்குத் தெரியும்.

ஆனால் அவர் ஏன் கையை விடமாட்டேன் என்று நின்றார் என்பது உனக்குத் தெரியாது. ஊரில் பூசையில் கை கூப்புவதுதான் எங்கள் வழக்கம். கை கொடுப்பது இங்கே வந்து பழகியது. செபஸ்தி அண்ணை கனடாவுக்கு வந்து முதல் பூசைக்குப் போன அன்று நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். சுவாமியார் சமாதானம் சொல்லச் சொன்னதும், முன்வரிசை வாங்கில் நின்ற ஒரு பெரிய மனிதர் இங்கத்தைய பழக்கத்தில் திரும்பிக் கையை நீட்டிவிட்டார். நீட்டின பிறகுதான் யாருக்கு நீட்டினேன் என்று பார்த்தார். ஊரில் அவருடைய வீட்டு வளவுக்குள் செபஸ்தி அண்ணை கால் வைக்க முடியாது. நீட்டின கையை இழுக்கவும் ஏலாது, சுற்றிவர வெள்ளைக்காரரும் நிற்கிறார்கள். செபஸ்தி அண்ணை அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அன்றையிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பின் வாங்கில் இருந்து முன் வாங்கு வரைக்கும் போய், ஒருவரையும் விடாமல் கை கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார். நீங்கள் பெடியன்கள் அதைப் பார்த்துச் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். எனக்கு மட்டும் அதன் காரணம் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதரும் இருந்த கோயிலில்தான் நீ ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றாய். கையில் உன் கையெழுத்தில் எழுதிய தாள். பிரெஞ்சில் இருந்ததை நீயாகவே தமிழாக்கியிருந்தாய். அம்மாவிடம்கூடக் கேட்கவில்லை, எங்களுக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பாய். நல்ல தெளிவாகத்தான் வாசித்தாய். "எல்லாரும் எட்ட நில்லுங்கோ. ஆளையாள் தொடாதேங்கோ. பூசை முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கிறதுக்கு உங்கட உங்கட கோப்பையை வீட்டில இருந்து கொண்டு வாங்கோ."

முதல் வசனத்திலேயே நான் செபஸ்தி அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவதில் அவர் எழும்பினார். "தம்பி, நான் எட்ட நிண்டு களைச்சுத்தான் இஞ்ச வந்தனான்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு நடு வழியால் நடந்து வெளியே போனார். உன் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். என்ன நடந்தது என்றே உனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் எனக்கு முன்னால் இருந்தவர், அன்றைக்குக் கை நீட்டி மாட்டுப்பட்ட அதே முன் வாங்குப் பெரிய மனிதர், பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து சிரித்துக்கொண்டு சொன்னார்: "அப்பாடா, இனி அந்தாள் கைய நீட்டிக்கொண்டு வராது. பழைய ஒழுங்கு திரும்பி வந்திட்டுது."

நான் எழும்பி, "வாயை மூடடா!" என்று கத்தினேன். அவருக்குத்தான் கத்தினேன் தம்பி. என் கண் அவருடைய பிடரியில்தான் இருந்தது. ஆனால் அவர் இருந்தது எனக்கும் உனக்கும் நேர்கோட்டில். தாளை வைத்துவிட்டு நீ பக்கக் கதவால் போனபோதுதான் என் சத்தம் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று உணர்ந்தேன்.

வீட்டுக்கு ஓடி வந்தேன், நீ பை கட்டிக்கொண்டிருந்தாய். "உனக்கில்லையடா சொன்னது" என்றேன். "பின்ன ஆருக்கு?" என்றாய். நான் அம்மாவைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். அந்த மனிதர் என்ன சொன்னார் என்று சொன்னால், அது ஏன் குற்றம் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். "அது பெரிய கதை, பேந்து சொல்லுறன்" என்றேன். "உங்களுக்கு எல்லாமே பேந்துதான்" என்று சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனாய். நீ சொன்னது சரி. அந்தப் பேந்து இன்றைக்கு வந்துவிட்டது, கேள்.

நான் பள்ளிக்கூடம் போகிற வயதில், எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. உள்ளே வாங்கும் மேசையும், கண்ணாடிக் கிளாசும். வெளியே கூரையைத் தாங்கும் கப்பில் ஒரு ஆணி அடித்து, அதில் ஒரு தகரப் பேணி தொங்கும். என் ஐயா, உன் அப்பப்பா, போனால் பேணியை எடுத்துத் தானே கழுவி நீட்டுவார். கடைக்காரர் கை படாமல் உயரத்தில் இருந்து ஊற்றுவார். குடித்துவிட்டு ஐயா திரும்பவும் கழுவி ஆணியில் கொழுவுவார். பிறகு வருகிற எங்கள் ஆள்களும் அதே பேணியில்தான் குடிப்பார்கள். நாங்கள் அவர்கள் கணக்கில் குறைந்த சாதி, தம்பி. எழுதிவிட்டேன். இந்தச் சொல்லை உனக்கு முன்னால் ஒருநாளும் நான் வாயில் எடுத்ததில்லை.

ஒருநாள் மழை. ஐயா வெளியே நனைந்துகொண்டு நிற்க, நான் விளையாட்டுப் புத்தியில் உள்ளே போய் வாங்கில் குந்திவிட்டேன். கடைக்காரர் திட்டவில்லை, அடிக்க வரவும் இல்லை. சீனி கலக்கிக்கொண்டே, ஈயைக் கலைக்கிற குரலில் "எட்ட நில்லடா" என்றார். ஐயா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஐயா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கோயிலிலும் அப்படித்தான். அதே கடவுள், அதே பூசை, நாங்கள் பின் சுவரோடு நிற்போம், எல்லாரும் எடுத்த பிறகு நன்மை எடுப்போம். எட்ட நில், தொடாதே, உன் பேணியில் குடி. நீ அன்றைக்கு வாசித்த மூன்று வசனமும் எங்களுக்குப் பாடமாக இருந்த மூன்று வசனம். பிரெஞ்சில் இருந்து நீ தமிழாக்கியது அச்சொட்டாக அப்படி வந்து நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஏன் உனக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ இங்கே பிறந்தாய். எந்த வாங்கைக் கண்டாலும், இது யாருடைய வாங்கு என்று யோசிக்காமல் போய் இருக்கிறவனாக நீ வளர வேண்டும் என்று நானும் அம்மாவும் முடிவெடுத்தோம். அப்படியே வளர்ந்தாய். உன்னை முன் வாங்கில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். அந்த முடிவு பிழை என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதனால்தான் அந்தச் சொற்களில் ஒன்றையும் நீ அடையாளம் காணவில்லை.

நீ போன பிறகு எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. என்னைத் தின்றுகொண்டிருந்தது இதுதான்: நீ சொன்ன விஷயம் சரி, அதை ஏற்று உன் பக்கம் நின்றவர்களில் அந்த முன் வாங்குப் பெரிய மனிதரும் ஒருவர். செபஸ்தி அண்ணை சொன்ன விஷயம் பிழை, கை கொடுத்தால் அவருடைய உயிருக்கே ஆபத்து, ஆனால் என் மனம் முழுக்க அவரோடு வெளியே போய்விட்டது. கடையில் யாராவது "உங்கட மகன் சொன்னது சரிதான்" என்றால் எரிச்சல் வரும். "உங்கட மகன் பெரியாக்களை அவமதிச்சுப் போட்டான்" என்றால் அதைவிட எரிச்சல் வரும். இரண்டு பேருக்கும் மிச்சக் காசைப் பிழையாகக் கொடுத்தனுப்பினேன்.

அப்போதுதான் ஒருநாள் செபஸ்தி அண்ணை கடைக்கு வந்தார். பூசைக்கு வருவதை நிறுத்தியிருந்தார், காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடவும் மாட்டேன் என்று நின்றார், ஆனால் கடைக்கு வந்து நிற்கிறவர்கள் எல்லாருக்கும் வேண்டுமென்றே கை கொடுப்பார். அன்றைக்கு வரிசை கதவு வரைக்கும் நின்றது. நீ சொன்னபடி தரையில் நான் ஒட்டிய நாடாக் கோட்டை யாரும் கணக்கெடுக்கவில்லை, ஒருவர் முதுகில் ஒருவர் நின்றார்கள். வெளியே ஒரு இளம்பெண் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வர வழியில்லாமல் குளிரில் நின்றாள். செபஸ்தி அண்ணைதான் கண்டார். "இடம் விடுங்கோ, இடம் விட்டு நில்லுங்கோ, பச்சைப் பிள்ளையோட வாறா!" என்று கையை விரித்தார். தமிழ் தெரியாதவர்கள்கூட விலகினார்கள். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில், நீ அந்தத் தாளில் எழுதியிருந்த அதே அளவு இடம். ஒருவர் முகமும் கோணவில்லை.

நான் கல்லாவில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். எட்ட நில் என்றால் மற்றவனைத் தள்ளுவது. இடம் விட்டு நில் என்றால் நான் ஒதுங்கி மற்றவருக்கு மரியாதை கொடுப்பது. "அண்ணை, இதைத்தான் என்ர பெடியன் சொல்ல வந்தவன்" என்றேன். அவர் முதலில் விளங்காத மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு, "அவன் பிறகு ஏன் அந்தச் சொல்லை எடுத்தவன்?" என்று கேட்டார். "அவனுக்குத் தெரியாது." "நீ சொல்லேல்லையே?" "இல்லை. நீங்கள் உங்கட பிள்ளையளுக்குச் சொன்னனீங்களே?" அவர் பாணை எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருடப் பழக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைத்தது அவ்வளவுதான்.

நேற்றுக் காலை சுவாமியாரிடம் கேட்டு உன் தாளை நானே வாசித்தேன். இரண்டு இடத்தைத்தான் வெட்டினேன். "எல்லாரும் இடம் விட்டு நில்லுங்கோ" என்று தொடங்கினேன். தொடாதேங்கோ என்பதை, "கையைக் கூப்பி ஊரில சொன்ன மாதிரிச் சமாதானம் சொல்லுவம்" என்று மாற்றினேன். கோப்பையை மாற்றவில்லை, அதற்குச் சொல் கிடைக்கவில்லை. "எழுதினது என்ர மகன்" என்றும் சொன்னேன். அன்றைக்கு வாயை மூடச் சொன்னது யாரை என்று சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும் என்றும் சொன்னேன், அது தாளில் இல்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். முன் வாங்குப் பெரிய மனிதர் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செபஸ்தி அண்ணை வந்து கடைசியில் கதவடியில் நின்றிருந்தார். சமாதானம் சொல்லும் நேரம் எல்லாரும் கை கூப்பினார்கள். அவர் மட்டும் நடு வழியால் நடந்து வந்தார். எல்லாரையும் தாண்டி நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார். கை கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லிப் பத்து நிமிடம்கூட இல்லை, முழுக் கோயிலும் பார்க்கிறது. பிடித்துவிட்டேன் தம்பி. நீ திட்டு, எனக்குத் தேவைதான். பூசை முடிந்ததும் நீ வாங்கித் தந்த, கையில் பூசுகிற கிருமி மருந்தை அவருக்கு ஊற்றினேன், அவர் முழங்கை வரைக்கும் பூசினார். "தம்பி வந்து சொன்னால் ஊசி போடுறன், வேற ஒருத்தரும் சொல்லி நான் போடமாட்டன்" என்று உனக்குச் சொல்லச் சொன்னார்.

இதையெல்லாம் உடனே சொல்லத்தான் அம்மா கட்டித் தந்த சோற்றுப் பெட்டியோடு மெட்ரோ ஏறி, ஜோன்-தலோனில் மாறி, லவாலுக்கு ஓடி வந்தேன். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மணியை அடித்தேன். உள்ளே இருமல். "ஆர், அப்பாவே? எனக்குக் காய்ச்சல் மாதிரிக் கிடக்கு. கதவுக்குக் கிட்ட வராதேங்கோ, எட்ட நில்லுங்கோ" என்றாய்.

நான் சோற்றுப் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கிவிட்டேன். என் மகனா அதைச் சொன்னான் என்று யோசித்து எடுத்த முடிவு இல்லை அது. கால் தானாக இறங்கியது. அந்தத் தேத்தண்ணிக் கடையில் ஐயா என்னை இழுத்துக்கொண்டு போனாரே, அதே கால். உனக்குக் காய்ச்சல் என்பது மெட்ரோவில் ஏறி இருந்த பிறகுதான் என் மண்டைக்குள் ஏறியது. அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பவா என்று எழும்பினேன், இருந்தேன், எழும்பினேன். எதிரில் இருந்த பெண் எனக்குத்தான் காய்ச்சலாக்கும் என்று பயந்து தள்ளிப் போய் இருந்தாள்.

அப்போது ஒரு விஷயம் நினைவு வந்தது. நீ அந்தச் சொல்லை எங்கே படித்தாய்? தமிழ் வகுப்பில் இல்லை. என்னிடம் இல்லை, நான் அந்தச் சொல்லைச் சொல்வதே இல்லை. நீ நடக்கத் தொடங்கின காலத்தில் எங்கள் செயின்ட்-மிஷேல் வீட்டுக் குசினி ஒரு கக்கூசு அளவுதான். அம்மா பொரிக்கும்போது நீ அவளுடைய காலைக் கட்டிப்பிடிப்பாய். அவள் ஒரு கையால் உன்னைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டு சொல்வாள்: "எட்ட நில்லு ராசா, எண்ணெய் தெறிக்கும்." சமைத்த ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். உனக்கு அந்தச் சொல் அங்கே இருந்து வந்தது. கோயிலில் அத்தனை பேருக்கும், நேற்றுக் கதவுக்குப் பின்னால் இருந்து எனக்கும், எண்ணெய் தெறிக்கும் என்றுதான் நீ சொல்லியிருக்கிறாய். அது விளங்கியபோது நான் இறங்க வேண்டிய தரிப்பே தாண்டிவிட்டது.

மற்றவர்களுக்கு நீ இனி இடம் விட்டு நில்லுங்கோ என்றே சொல். செபஸ்தி அண்ணை போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், வன்கூவரிலும் இருப்பார்கள். எனக்கு மட்டும் நீ பழைய சொல்லையே சொல்லலாம்.

அம்மா மல்லி அவித்துக்கொண்டிருக்கிறாள். கடையைப் பூட்டிவிட்டு, சுடுதண்ணிப் போத்தலில் அதையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். கடிதத்தைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிடுவேன், போத்தலை வாசலில் வைப்பேன். பிறகு நடைவழியின் அந்தக் கடைசிக்குப் போய் நிற்பேன். நீ வாசித்து முடித்துவிட்டுக் கதவைத் திற, முகத்தைப் பார்த்தால் போதும். கிட்ட வரமாட்டேன். நீ சொல்கிற தூரத்தில் நின்று எனக்கும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க வேண்டும், அதற்குக் கோப்பையையும் கொண்டு வருகிறேன். இன்று காலைதான் முதல்முறையாக அதில் குடித்தேன். புள்ளியை நான் போடவில்லை, நீ எழுதினபடியே இருக்கட்டும். ஊரில் எங்களுக்குத் தனியாக வைத்த பேணியில் ஒருவரும் பெயர் எழுதவில்லை, தம்பி.

அப்பா